ஜனக்புரி குளியலறைச் சுவரில் எனக்குக் கிடைத்த பதில்

எண்பத்தொன்றாம் வருஷம் ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வலது காது அடைத்துப்போனது. ஆராதனைக்குப் புறப்படுகிற அவசரத்தில் அடிபம்பில் தலைக்குக் குளித்தேன். துண்டால் துவட்டியபோது பம்பு அடிக்கிற சத்தம் தூரமாகப் போனது போல இருந்தது. சட்டை மாட்டி முடிப்பதற்குள் அதுவும் இல்லை.

என் இடது காது பத்து வயதிலேயே சீழ் பிடித்துக் கெட்டது. அதில் பக்கத்தில் கத்தினால் மட்டும் ஏதோ கேட்கும். ஆகவே எனக்கு இருந்தது ஒரே காதுதான். அதுவும் அன்றைக்குப் போய்விட்டது.

இதை வாசிக்கிற விசுவாசக் குடும்பத்தாருக்கு டில்லி முனிர்காவிலிருந்து ஒரு டைல் மிஸ்திரியின் ஸ்தோத்திரம். எனக்கு இப்போது வயது இருபத்தாறு. திருநெல்வேலிப் பக்கம். பி.யூ.சி. முடித்துவிட்டு, மத்திய அரசு கிளார்க் பரீட்சை எழுதலாம் என்று டில்லிக்கு வந்தேன். இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் வரவில்லை. அப்போது டில்லியில் எங்கே பார்த்தாலும் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. சும்மா உட்கார எனக்கு வராது. ஒரு கட்டிடத்தில் டைல் பதிக்கிற வேலைக்குப் போனேன். ஆறே மாதத்தில் பிடிபட்டது. ஒரு வருஷத்தில் சொந்தமாக வேலை எடுக்க ஆரம்பித்தேன். கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல், கண்ணாடி வெட்டுகிற பேனா, இவ்வளவுதான் என் ஆபீஸ்.

என்னோடு சித்தாளாக வருகிறவர் பச்சையம்மா அக்கா. விழுப்புரம் பக்கம். நாற்பது வயது. கலவை போடுவதில் டில்லியில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, கிண்டல் பண்ணுவதிலும் இல்லை. என் வேகத்தைப் பார்த்து எனக்கு "எக்ஸ்பிரஸ்" என்று பேர் வைத்ததும் அவர்தான்.

டைல் வேலையில் காதுக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். டைல் பதித்தவுடன் கரணையின் மரப்பிடியால் தட்டுவோம். அடியில் கலவை முழுக்கப் பிடித்திருந்தால் "டிக்" என்று கெட்டியாகச் சொல்லும். உள்ளே காலியிடம் இருந்தால் "டொப்" என்று சொல்லும். டொப் என்றால் அந்த டைல் என்றைக்காவது விழும் என்று அர்த்தம்.

அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. சுவருக்குப் பதிக்கிற வெள்ளை டைலை முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஊறாத டைல் சிமெண்ட்டில் உள்ள தண்ணீரை எல்லாம் தானே குடித்துவிடும். சிமெண்ட் காய்ந்து மாவாகிவிடும். மற்ற மிஸ்திரிகள் முதல் நாள் சாயங்காலமே டிரம்மில் போட்டு வைத்துவிட்டுப் போவார்கள். நான் அப்படிச் செய்யமாட்டேன். தண்ணீரில் போட்டவுடன் டைல் "சிர்ர்" என்று இரையும். வயிறு நிறைந்ததும் சத்தம் நின்றுவிடும். நின்ற நிமிஷத்தில் எடுத்துப் பதிப்பேன். காதால் அளந்து வேலை செய்கிறேன் என்று எனக்குப் பெருமை. அந்தப் பெருமையைத்தான் ஆண்டவர் தொட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரும் பாடுகிறார்கள். வாய்கள் அசைகின்றன, கைகள் தட்டுகின்றன, எனக்கு ஒன்றுமே இல்லை. நானும் வாயை அசைத்தேன். போதகர் ஐயா சாட்சி சொல்கிறவர்கள் எழும்பலாம் என்று கையைக் காட்டினார். பழக்க தோஷத்தில் நான் எழும்பினேன். "கர்த்தர் இந்த வாரமும் சுகத்தோடே நடத்தினார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பொய்.

ஏன் மறைத்தேன்? சொந்தமாக வேலை எடுக்கிறவனுக்குப் பேர்தான் எல்லாம். ஹார்டுவேர் கடை லாலா "அந்த மதராஸி பையன் நல்லா செய்வான்" என்று நாலு பேரிடம் சொன்னால் நாலு வீடு. "அவனா, பஹ்ரா மிஸ்திரி, செவிடு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் தீர்ந்தது. பரீட்சையில் தோற்றவன், இதிலும் தோற்றால் எந்த முகத்தோடு ஊருக்குப் போவது?

நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாஜி மட்டும் கண்டுபிடித்தார். நான் காதைக் குடைவதைப் பார்த்துவிட்டு, கடுகெண்ணெயில் பூண்டைப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, என்னைச் சாய்த்து உட்காரவைத்து காதில் ஊற்றினார். அதற்கப்புறம் கொஞ்சம் மிச்சமிருந்த இரைச்சலும் போனது.

மறுநாள் திங்கட்கிழமை, ஜனக்புரியில் புது வேலை, முந்தின வாரமே பேசி வைத்தது. ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஃப்ளாட். சார் ஏதோ மினிஸ்ட்ரியில் செக்ஷன் ஆபீசர். வீட்டில் மாமி. அவர்களுடைய பெண்ணுக்கு எட்டு மாசம், பிரசவத்துக்குத் திருச்சியிலிருந்து அடுத்த வாரம் சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறாள். அதற்குள் குளியலறையில் மூன்று பக்கமும் நாலடி உயரத்துக்கு வெள்ளை டைல் போட வேண்டும். தரை பழைய மொசைக், அதைத் தொடவேண்டாம். சுமார் இருநூற்றைம்பது டைல். பழைய பூச்சைக் கொத்தி எடுப்பதோடு சேர்த்து எனக்கு ஆறு நாள் வேலை. சாரின் பேச்சு எதுவும் கேட்காவிட்டாலும், பேப்பரில் படம் போட்டுக் காட்டியதால் தப்பித்தேன். என்ன சொன்னாலும் "அச்சா சார்" என்றேன்.

டிரம்மில் டைலைப் போட்டேன். தண்ணீர் சிமெண்ட் கலங்கி மோர் மாதிரி இருந்தது, குமிழி ஏதும் தெரியாது. காதைச் சாய்த்தேன். சத்தமில்லை. எடுத்தேன். பதித்தேன். தட்டினேன். கை மட்டும் தட்டியது. அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கு எல்லா டைலும் குடித்து முடித்த டைலாகத்தான் இருந்தது!

ஒருநாள் மாமி வந்து ஏதோ கேட்டார். சிமெண்ட் பர்மிட்டில்தான் கிடைக்கிற காலம் அது, ஆகவே சிமெண்ட்டைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, "அரை மூட்டை மிஞ்சும் மாமி, போதும்" என்றேன். மாமி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கொஞ்சம் கழித்து ஒரு டம்ளர் காபியோடு வந்தார்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் மத்தியான உபவாசம் எடுத்தேன். பச்சையம்மா அக்கா வெளியே சாப்பிடுகிற நேரத்தில், பாதி டைல் போட்ட சுவரைப் பார்த்து முழங்காலில் நின்று ஜெபித்தேன். "ஆண்டவரே, காதைத் தாரும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஒரே ஒரு சத்தம் என் காதில் விழட்டும். அது எந்தச் சத்தமானாலும் சரி, அதற்குக் கீழ்ப்படிவேன்." இந்தக் கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னேன் என்று எனக்கு அப்போது தெரியாது. வாயில் வந்தது, பொருத்தனையாகச் சொன்னேன். அழுதேன். என் அழுகையும் என் காதில் விழவில்லை.

சனிக்கிழமையோடு சுவர் முடிந்தது. கண்ணாடி மாதிரி பளபளத்தது. கோடுகளில் வெள்ளை சிமெண்ட் நிரப்புகிறது மட்டும் பாக்கி. ஞாயிறு வந்தது, ஆராதனை வந்தது, மறுபடியும் வாயை அசைத்தேன்.

திங்கட்கிழமை வெள்ளை சிமெண்ட் வாங்கக் கடைக்குப் போனோம். ரோட்டைக் கடக்கிறேன். திடீரென்று என் சட்டைக் காலர் கழுத்தை நெரித்தது. பச்சையம்மா அக்கா பின்னாலிருந்து பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் ரோட்டோரத்தில் விழுந்தோம். நான் நின்றிருந்த இடத்தின் வழியாக ஒரு பஸ் போனது. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்திருக்கிறான். பஸ்ஸுக்குப் பின்னால் கிளம்பிய புழுதியை மட்டும்தான் நான் பார்த்தேன்.

அக்கா என் இடது காதைப் பிடித்து, அதில் வாயை வைத்துக் கத்தினார். அதனால் கேட்டது.

"ஏன்டா எக்ஸ்பிரஸு, உனுக்குக் காது அவுட்டா?"

"இல்லக்கா..."

"பொய் சொன்ன, பல்லு பேந்துடும்! ஒரு வாரமா பாக்கறேன். தண்ணி ஊத்தவான்னா தலையாட்டற, ஊத்த வாணாமான்னாலும் தலையாட்டற. எம் மேலதான் கோவம்னு நெனச்சிக்கினு கெடந்தேன். யார்கிட்டனா சொன்னியா?"

"ஆண்டவர்கிட்ட சொன்னேன்."

"அவுருக்கு முன்னாடியே தெரியும்டா! ஆஸ்பத்திரில சொன்னியா?"

அந்த ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நாளில் நான் உண்மை பேசியது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவரே என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். வரிசையில் சண்டை போட்டு இடம் பிடித்தார். காது டாக்டர் ஒரு பஞ்சாபி அம்மா. லைட்டைப் போட்டு வலது காதைப் பார்த்தார். என்ன வேலை செய்கிறாய் என்று ஜாடையில் கேட்டார். சுவரில் டைல் ஒட்டுவது போலக் கையால் காட்டினேன். சிரித்துவிட்டார். காதில் ஒரு சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்க வைத்தார். பிறகு பெரிய பித்தளை ஊசிக்குழலில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்துப் பீய்ச்சினார். கெட்டுப்போன இடது காதின் பக்கமே போகவில்லை, அதில் தண்ணீரோ எண்ணெயோ படவே கூடாது என்று பிறகு சொன்னார்.

மூன்றாவது தடவை பீய்ச்சியதும் ஏதோ ஒன்று கழன்று எனாமல் தட்டில் விழுந்தது. அது விழுந்த சத்தம் என் காதில் விழுந்தது.

புளியங்கொட்டை அளவில் சாம்பல் நிறமாக ஒரு கட்டி. காதழுக்கோடு கல் தூசியும் சிமெண்ட்டும் சேர்ந்து, குளித்த தண்ணீரில் ஊறிப் பெருத்து, மேலே அம்மாஜியின் கடுகெண்ணெயும் சேர்ந்திருக்கிறது. "சுனாயீ தேதா ஹை?" கேட்கிறதா என்று டாக்டரம்மா சாதாரணக் குரலில் கேட்டார். என் காதுக்கு அது இடி மாதிரி இருந்தது. "ஜி" என்றேன். வெளியே நர்சுகள் பேசுவது, யாரோ இருமுவது, வராந்தாவில் பச்சையம்மா அக்கா காவல்காரரோடு ஹிந்தியில் சண்டை போடுவது, எல்லாம் வந்தது. "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சத்தமாகச் சொன்னேன், என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

அழுக்கெடுத்ததற்கு ஒரு சாட்சியா என்று சிலர் நினைப்பீர்கள். எங்கள் ஐக்கியத்திலும் ஒரு பிரதர் அப்படிக் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள், பதில் இன்னும் முடியவில்லை.

அன்று மத்தியானமே நேராக ஜனக்புரிக்குப் போனோம். கோடு நிரப்பினால் வேலை முடிந்தது. நான் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன். கரணையைத் திருப்பிப் பிடித்து, அந்த "டிக்" சத்தம் காதில் விழுகிற சுகத்துக்காகவே சுவரில் ஒரு தட்டுத் தட்டினேன்.

டொப்.

அடுத்த டைல். டொப். கீழ் வரிசை. டொப். எதிர்ச் சுவர். டொப், டொப், டொப்.

அப்போதுதான் டிரம் ஞாபகம் வந்தது. மிச்சம் இருந்த டைல் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். சிர்ர்ர் என்று இரைந்தது. இரைந்துகொண்டே இருந்தது. ஒரு டைலைக்கூட நான் ஊறவைக்கவில்லை!

பச்சையம்மா அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "எத்தினி?" என்றார்.

"எல்லாம்க்கா."

அவர் வாயிலிருந்து கிண்டல் வரவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

மறைக்காமல் எழுதுகிறேன். கோடு நிரப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. சுவர் பார்க்க அவ்வளவு அழகு. ஐந்தாறு மாதம் நிற்கும். நான் அதற்குள் வேறெங்காவது வேலையில் இருப்பேன். ஆனால் ஐந்தாறு மாதத்தில் அந்த இடத்தில் யார் இருப்பார்கள்? மணையைப் போட்டு, காலை நீட்டி, பச்சைக் குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவார்கள். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு. உடைந்த டைலின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், டைல் வெட்டுகிற எனக்குத் தெரியும்.

எந்தச் சத்தமானாலும் கீழ்ப்படிவேன் என்று அதே இடத்தில் முழங்காலில் நின்று சொன்னேனே, அது வந்து நின்றது. காது திறந்து இந்தச் சுவருக்கு முன் நிற்கும்போது ஆண்டவர் எனக்குத் தந்த முதல் சத்தம் இதுதான்.

சமையலறைக்குப் போய் மாமியிடம் காது அடைத்ததில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னப்பா உளறறே? கண்ணாடியாட்டம் இருக்கே!"

"தட்டிப் பாருங்க மாமி."

மாமி கையிலிருந்த கரண்டியோடேயே வந்தார். குளியலறைச் சுவரில் தட்டினார். பிறகு சமையலறை மேடைக்கு மேல் இருந்த பழைய டைலில் தட்டினார். மறுபடியும் வந்து குளியலறையில் தட்டினார். முகம் மாறிவிட்டது.

"சனிக்கிழமை கார்த்தால வரா. எட்டு மாசம். நான் என்ன பண்ணுவேன்? காது கேக்கலைன்னா அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லப்படாதா? காபியா டீயான்னு கேட்டா அரை மூட்டை போதும்கறான்! ஏதோ யோசனையா இருக்கான்னுன்னா நெனச்சேன்!"

"தப்பு என்னுதுதான் மாமி. பிரிச்சுட்டு திரும்பப் போட்டுத் தர்றேன். கூலி பேச மாட்டேன்."

சாயங்காலம் சார் ஆபீசிலிருந்து வந்தார். திட்டவில்லை. "அதே டைல் இனிமே கடைல கிடையாது. உடையாம எடுக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாது சார்" என்றேன். உண்மையாகவே தெரியாது. சிமெண்ட் பிடித்த டைல் என்றால் உளியை வைத்தாலே நொறுங்கும். கையில் மிச்சம் பத்து டைல், அரை மூட்டை சிமெண்ட். நாட்கள் மூன்று.

புதன்கிழமை காலை, சுவரில் உள்ளங்கையை வைத்து ஜெபித்தேன். இந்தத் தடவை மறைவாக இல்லை. மாமி பார்த்துக்கொண்டிருந்தார். "ஆண்டவரே, டைல் உடையாமல் வரட்டும்." அவ்வளவுதான். பச்சையம்மா அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "உங்க சாமி முன்னாடி நிக்கட்டும். எங்க ஆத்தாளையும் ஒரு ஓரமா கூப்ட்டுக்கறேன், ஒத்தாசைக்கு" என்று கையைக் கூப்பினார். நான் தடுக்கவில்லை.

மேல் வரிசையில் முதல் டைலுக்குப் பின்னால் உளியை நுழைத்தேன். சுத்தியலை ஓங்கவே இல்லை. டைல் முழுதாக என் கையில் வந்து விழுந்தது. பின்பக்கம் துடைத்து வைத்த மாதிரி சுத்தம். சிமெண்ட் மாவாக உதிர்ந்தது.

அடுத்தது. அதுவும் முழுசு.

அப்போதுதான் புரிந்தது. நான் ஊறவைக்காத அதே காரணத்தால் டைல் சுவரைப் பிடிக்கவில்லை. பிடிக்காத அதே காரணத்தால் உடையாமல் வருகிறது. என் தப்புக்குள்ளேயே ஆண்டவர் ஒரு கதவை வைத்திருந்தார். ஆனால் அந்தக் கதவு, நான் உண்மையைச் சொன்ன பிறகுதான் திறந்தது. ஆறு மாதம் தண்ணீர் பட்டு, ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்திருந்தால் எது மிஞ்சியிருக்கும்?

மத்தியானத்துக்குள் மூன்று சுவரும் காலி. உடைந்தவை ஒன்பது.

சாயங்காலம் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி எல்லா டைலையும் ஊறப்போட்டேன். காதை வைத்து நிமிஷம் பார்க்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். "எக்ஸ்பிரஸ்ஸு பாசஞ்சர் ஆயிடுச்சே!" என்று அக்கா வழியெல்லாம் சிரித்தார். அந்தச் சிரிப்பு காதில் விழுந்ததே எனக்குப் போதும்.

வியாழன், வெள்ளி இரண்டு நாள். ஒவ்வொரு டைலும் டிக், டிக். வெளியே கலவை போட்டுக்கொண்டே அக்காவும் நாக்கால் "டிக்" என்று திருப்பிச் சொல்வார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமி அதே கரண்டியோடு வந்தார். கீழிருந்து மேலே எட்டு வரிசையும் தட்டிக்கொண்டே போனார். மூலையில் ஒன்றில் நின்றார். "இது?" என்றார். நான் தட்டிப் பார்த்தேன். சரியாகச் சொன்னார், ஓரத்தில் கொஞ்சம் காலி. எடுத்துத் திரும்பப் பதித்தேன். "மூணு நாள் இந்தச் சுவர்ல சாயாதீங்கோன்னு சொல்லிடறேன்" என்றார். மிஞ்சிய ஒரு டைலைத் தன் காபி டவராவுக்கு அடியில் வைக்க எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் கடைசியில் அவர்கள் வீட்டு அடுக்களையின் பாக்கிச் சுவர்களுக்கும் டைல் போட என்னையே கூப்பிட்டார்கள். நான் நூல் பிடித்துக்கொண்டிருக்கும்போது குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் குழந்தை வீறிடுகிற சத்தமும் கேட்டது. அந்த அழுகை சுவரில் மோதித் திரும்பி வந்தது. கரணையைக் கீழே வைத்துவிட்டு அதைக் கேட்டேன். பெண் குழந்தை.

இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. டைல் வெட்டும்போது காதில் பஞ்சு வைக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரைப் பார்க்கிறேன். டைல்களை முதல் நாளே ஊறப்போடுகிறேன். எனக்கு இடது காது கேட்காது, வலது பக்கம் வந்து பேசுங்கள் என்று எந்த வீட்டிலும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். அதனால் ஒரு வேலையும் போகவில்லை. லாலா கடையில் என்னை "செவிட்டு மிஸ்திரி" என்றுதான் சொல்கிறார்கள். "அவன் டைல் விழாது" என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

பிரியமானவர்களே, உங்களுக்கும் ஒரு அடைப்பு இருக்கலாம். உடம்பிலோ, வீட்டிலோ, மனதிலோ. ஜெபியுங்கள், அவர் நிச்சயம் பதில் தருகிறார். ஆனால் நான் செய்தது போல அவரிடம் அழுதுவிட்டு, எழுந்து வந்து பக்கத்தில் நிற்கிறவரிடம் எல்லாம் சுகம் என்று சொல்லாதீர்கள். என் பதில் பத்து நாளும் எனக்கு மூன்றடி தூரத்தில் கலவை போட்டுக்கொண்டிருந்தது.

இதை எழுதி முடித்ததும் பச்சையம்மா அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. கியூவுல அந்த ஆளுகிட்ட சண்டை போட்டு எடம் புடிச்சேனே, அது வந்திச்சா?" என்றார்.

வந்திருக்கிறது அக்கா.